நான் திருத்திய பௌதிகவியல்

அந்த வருடம் முழுவதும் பழைய பரீட்சைகளின் சரியான விடைத்தாள்கள் என் சீலைகளுக்கு அடியில் இருந்தன. மகள்தான் அப்படி வைக்கச் சொன்னாள்.

"அம்மா, இதை என்ர கண்ணில காட்டப்படாது. நான் அழுது கேட்டாலும் தரப்படாது."

"ஏன் பிள்ளை, விடை தெரிஞ்சால் நல்லதுதானே?"

"தெரிஞ்சால் மனதில நிண்டிடும். பிறகு அதே பேப்பரைத் திருப்பிச் செய்யேலாது. பழைய பேப்பர் என்ன, கடையில குவிஞ்சோ கிடக்கு?"

அவள் சொன்னது சரி. பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு உயர்தரப் பரீட்சை எடுக்க வேண்டும். அதற்குப் பழைய வினாத்தாள்களைச் செய்து பழகினால்தான் கை வரும். தமிழில் அவை கிடைப்பது அரிது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், போட்டோக்கொப்பிக்கு மேல் போட்டோக்கொப்பி எடுத்து, எழுத்தெல்லாம் மங்கிய பிறகுதான் எங்களிடம் வந்து சேரும். ஒரே தாளை மூன்று நான்கு தரம் செய்தால்தான் பிள்ளைக்குப் போதும்.

ஆகவே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. வினாத்தாளில் அறுபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள் கொடுத்திருக்கும். சரியானதின் இலக்கத்தை மட்டும் அவள் ஒரு தாளில் எழுதுவாள். இரண்டு மணித்தியாலம் முடிந்ததும் நான் அதை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போவேன். சீலைக்கு அடியில் இருந்த விடைத்தாளோடு ஒப்பிட்டு, எத்தனை சரி என்பதை மட்டும் வந்து சொல்வேன். எது சரி, எது பிழை என்று வாய் திறக்கக் கூடாது. அவளுடைய தாளில் ஒரு புள்ளடிகூடப் போடக் கூடாது. அதனால் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கீறி எண்ணினேன். நான்கு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மகளின் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். அதற்கு மேல் அவளுடைய படிப்பில் எனக்கொரு வேலை இருக்கும் என்று நினைத்ததே இல்லை. இந்த வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோசம் என்று யாருக்கும் சொல்லவில்லை. மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "பிள்ளை, இன்னும் பத்து நிமிசம்" என்று சொல்லும்போது, நானும் ஒரு உத்தியோகம் பார்க்கிறவள் போல இருந்தது.

நாங்கள் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தோம். அவர், என் வீட்டுக்காரர், நோயாளியான தகப்பனாரை விட்டுவிட்டு வர முடியாமல் ஊரில் நின்றுவிட்டார். கடிதம் மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிய காரியம். கனடாவிலிருந்து அவருடைய தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வீட்டுத் தொலைபேசிக்கு எடுப்பார். எடுத்தால் ஒரே கதைதான். "அண்ணி, இன்னுமொருக்காச் சோதினை, இன்னுமொருக்காச் சோதினை எண்டு அவளை அங்க வச்சிருக்கிறது புத்தியோ? ஒருநாள் ரவுண்டப்பில வளைச்சு ஆமி பிடிச்சுக்கொண்டு போனால் என்ன செய்வீங்கள்? இஞ்ச நல்ல பொடியன் ஒண்டு இருக்கு. படத்தை அனுப்புங்கோ."

அவரும் கெட்டதுக்குச் சொல்லவில்லை. மகள் முதல் தரம் எடுத்தபோது பௌதிகவியலில் விழுந்துவிட்டாள். இது இரண்டாம் தரம். பிள்ளைகள் அதை 'செக்கன்ட் ஷை' என்பார்கள். இந்த முறையும் தவறினால் சித்தப்பா சொன்னபடி கேட்கிறது என்று அவளே ஒத்துக்கொண்டிருந்தாள்.

இரசாயனவியல் நன்றாகப் போனது. நாற்பது, நாற்பத்திரண்டு என்று நான் வந்து சொல்லச் சொல்ல அவளுடைய முகம் தெளியும். பிறகு சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பௌதிகவியல் தாள்களைத் தொடங்கினாள். கொட்டாஞ்சேனையில் ரியூசனுக்குப் போகிற இடத்தில், சோதனை எடுத்து முடித்த பிள்ளை ஒன்று மூன்று வருடத் தாள்களைக் கொடுத்திருந்தது. விடைகளைத் தனியாக ஒரு கடித உறையில் போட்டு ஒட்டியிருந்தது. மகள் உறையைத் திறக்காமலே என்னிடம் தந்தாள்.

முதல் தாளுக்கு நான் எண்ணியது பதினாறு.

"எத்தினை அம்மா?"

கலண்டர் தாளின் கோடுகளைத் திரும்பவும் எண்ணினேன்.

"சொல்லுங்கோவன்."

"பதினாறு."

"அறுபதுக்கோ?"

அடுத்த கிழமை இரண்டாவது தாள். பதின்மூன்று. அதற்கடுத்த கிழமை மூன்றாவது. பதினேழு. கண்ணை மூடிக்கொண்டு இலக்கம் போட்டாலும் பன்னிரண்டு வரும் என்று அவள் சொன்னாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, ஆனால் அது சிரிப்பில்லை. "எனக்குத் தெரியும் எண்டு நினைக்கிறதெல்லாம் பிழையா இருக்கு அம்மா. தெரியாதது பிழைச்சால் பரவாயில்லை."

அன்றிலிருந்து அவள் பௌதிகவியல் கொப்பியைத் திறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னாள்:

"ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எடுத்தால் சொல்லுங்கோ, படம் அனுப்பிறம் எண்டு."

"சோதினைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கே பிள்ளை."

"ஒரு பாடம் விழுந்தால் எல்லாம் விழுந்த மாதிரித்தான். நான் எடுக்கேல்லை அம்மா."

அந்த இரவு முழுக்க நான் யோசித்தேன் என்று எழுதினால் பொய். அசதியில் தூங்கிவிட்டேன். விடியத்தான் அந்த யோசனை வந்தது. கொட்டாஞ்சேனையில் அவளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற மாஸ்டரிடம் போய்க் கேட்க வேண்டும். என் பிள்ளை உண்மையாகவே அவ்வளவு மொக்கோ? அல்லது ஒரு மாதத்தில் ஏதாவது செய்யலாமோ?

இதை வாசிக்கிறவர்களுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. எனக்கு அது மலை. நான் சந்தைக்கும் கோயிலுக்கும் தவிர எங்கும் தனியாகப் போனவள் இல்லை. கடையில் மிச்சக் காசு குறைந்தாலும் கேட்க மாட்டேன். படித்த ஆட்களைக் கண்டால் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பேன்.

சனிக்கிழமை மகள் இரசாயனவியல் வகுப்புக்குப் போனதும், முன்வீட்டு அக்காவிடம் பஸ் விபரம் கேட்டேன். எங்களுக்குப் பின்னறையை வாடகைக்குத் தந்தவ. கொழும்பில் முப்பது வருடம் இருந்தவ.

"கொட்டாஞ்சேனைக்கோ? நீர் தனியவோ?" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. "சோதினை எடுக்கிறது அவளோ நீரோ?"

"மாஸ்டரை ஒருக்காக் காண வேணும் அக்கா."

"கண்டு? நீர்தான் என்னைக் கண்டாலே கதைக்க மாட்டீரே. சரி, அடையாள அட்டையை எடுத்தீரோ? பொலிஸ் பதிவுத் துண்டு? அதை மறந்தீரெண்டால் மாஸ்டரைக் காண மாட்டீர், மறியல் வீட்டைத்தான் காணுவீர்." அப்படிச் சொன்னவ உள்ளே போய்த் தன் குடையைக் கொண்டுவந்து தந்தா. புறக்கோட்டையில் எந்தப் பஸ்ஸுக்கு மாற வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லித் திரும்பவும் என்னிடம் ஒப்புவிக்கக் கேட்டா.

கூடையில் மகள் எழுதிய மூன்று தாள்களையும், மூன்று விடைத்தாள்களையும், நான் கோடு கீறிய கலண்டர் தாளையும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பொலிசார் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்களின் வரிசையில் ஒரு பெண் பொலிஸ் நின்றா. இளம் பிள்ளைதான், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். என் அடையாள அட்டையைப் பார்த்தா. பிறந்த இடத்தைப் பார்த்ததும் கூடையைக் கேட்டா.

தாள்களை ஒவ்வொன்றாக விரித்தா. அப்போதுதான் எனக்கு அது விளங்கியது. அந்தத் தாள்களில் ஒரு சொல் இல்லை. முழுவதும் இலக்கங்கள். மூன்று, ஐந்து, ஒன்று, ஒன்று, நாலு என்று வரிசை வரிசையாக. அதோடு கலண்டர் தாளில் ஐந்து ஐந்தாகக் கட்டிய கோடுகள். ஊரிலிருந்து வந்த ஒரு தமிழ் மனுசியின் கூடையில் இப்படி ஒரு கட்டுத் தாள்!

"மே மொனவத?" என்று கேட்டா. இது என்ன என்கிறா என்று விளங்கியது.

"துவ... இஸ்கோலே..." என்றேன். மகள், பள்ளிக்கூடம். அதற்கு மேல் வசனமாகச் சொல்ல எனக்குச் சிங்களம் தெரியாது.

பஸ்ஸிலிருந்து இறங்கித் தன் சோதனை முடிந்து நின்ற ஒரு முஸ்லிம் பெரியவர், வெள்ளைத் தொப்பி போட்டவர், போகாமல் நின்று பார்த்தார். போயிருக்கலாம். அந்த நாளில் எங்களுக்காகக் கதைக்க வந்தால் அவரையும் மறித்து வைத்திருப்பார்கள்.

"தங்கச்சி, பயப்படாதீங்க. இது என்னாண்டு எனக்குச் சொல்லுங்க, நான் சொல்றேன்."

"மகள் உயர்தரச் சோதினை எடுக்கிறா ஐயா. இது அவ எழுதின விடை. இது சரியான விடை. நான் ரெண்டையும் பாத்துத் திருத்திறனான்."

"நீங்களா திருத்துற?" என்று கேட்டுவிட்டு அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். பெண் பொலிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தா. நம்பவில்லை. எப்படித் திருத்துவது என்று காட்டட்டாம்.

காட்டினேன். மகளின் தாளில் முதலாவது விடை மூன்று. விடைத்தாளில் மேல் வரியில் முதல் இலக்கம் மூன்று. சரி. மகளின் இரண்டாவது விடை ஒன்று. விடைத்தாளின் மேல் வரியில் அடுத்த இலக்கம் நாலு. பிழை. மூன்றாவதும் பிழை. நாலாவதும் பிழை. ஐந்தாவதும் பிழை. கடிதம் வாசிக்கிற மாதிரி இடமிருந்து வலமாக விரலை நகர்த்திக்கொண்டு போனேன். பெண் பொலிஸின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. அவ ஏதோ சொல்ல, பெரியவர் மெதுவாகச் சொன்னார்:

"ஒண்ணோட ஒண்ணு பொருந்தவே இல்லையே, பிறகு இது எப்படி விடை ஆகும் எண்டு கேக்குறாங்க."

நான் என்ன சொல்ல? என் பிள்ளை பௌதிகவியலில் மொக்கு என்று ரோட்டில் நின்று சொல்லவா? சொன்னேன். "அவவுக்கு இந்தப் பாடம் ஓடாது ஐயா. அதைக் கேக்கத்தான் மாஸ்டரிட்டப் போறன்." சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அவர் அதையும் சிங்களத்தில் சொன்னார். பெண் பொலிஸ் தாள்களைத் திரும்ப எடுத்தா. காவலுக்கு அடுக்கியிருந்த மண்மூட்டைகளுக்கு மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. தன் பேனையை எடுத்து மகளின் முதல் விடையில் வைத்தா, பிறகு விடைத்தாளின் முதல் இலக்கத்தில் வைத்தா. அடுத்தது, வலப்பக்கம் போகவில்லை. பேனை கீழே இறங்கியது.

"ஹரி," என்றா. இன்னும் கீழே. "ஹரி. ஹரி." பிறகு, "வெரதி." பிறகும், "ஹரி, ஹரி, ஹரி." பத்து இலக்கம் கீழே போய், அடுத்த நிரலின் உச்சிக்கு ஏறி, திரும்பவும் கீழே.

வெரதி என்றால் பிழை, ஹரி என்றால் சரி. அது எனக்குத் தெரிந்த சொல்.

அந்தத் தாளை அச்சடித்தவர்கள் பத்துப் பத்தாக மேலிருந்து கீழே எழுதியிருந்தார்கள். கேள்வி இலக்கம் இடப்பக்க ஓரத்தில் இருந்திருக்கும். போட்டோக்கொப்பி எடுக்கும்போது ஓரம் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. இரசாயனவியல் தாள்களில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் இலக்கம் இருந்தது, அதனால் தப்பினேன். இதில் இலக்கத்தைக் காணவில்லை என்று முதல் நாளே பார்த்தேன். மகளிடம் கேட்போமா என்றும் நினைத்தேன். கேட்டால், அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று இந்த வேலையையும் திருப்பி வாங்கிவிடுவாளோ என்ற வெட்கத்தில் கேட்கவில்லை. மூன்று கிழமையாக என் பிள்ளையை நான்தான் விழுத்திக்கொண்டிருந்தேன்.

பெண் பொலிஸ் பாதியில் நிறுத்தவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அறுபதையும் பார்த்து முடித்துவிட்டுப் பெரியவரிடம் ஏதோ சொன்னா. அவர் சிரித்தார்.

"நாப்பத்துநாலாம் தங்கச்சி. இவங்களும் இந்தச் சோதினை எடுத்தவங்களாம். இவங்களுக்கே அவ்வளவு வரல்லியாம்."

பெண் பொலிஸ் தாள்களைக் கூடையில் வைத்து என்னிடம் தந்தா. விரலைக் கீழ்நோக்கிக் காட்டி, "பல்லெஹாட்ட, அம்மே," என்றா. கீழே பார்க்க வேண்டும், அம்மா. அம்மே என்றுதான் சொன்னா. நான் தலையை மட்டும் ஆட்டினேன். நன்றிக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை. பெரியவருக்குத் தமிழிலேயே சொல்லியிருக்கலாம். அவருக்கும் தலையைத்தான் ஆட்டினேன். அவர் மாளிகாவத்தைப் பக்கம் போகிறவர் போல, காத்து நின்ற பஸ்ஸைப் பார்த்து ஓடிப்போனார்.

நான் கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. ரோட்டைக் கடந்து, வந்த வழியே பஸ் ஏறினேன்.

மகள் வகுப்பு முடிந்து வந்தபோது நான் சீலை மாற்றாமல் கட்டிலில் இருந்தேன்.

"எங்க போனனீங்கள்? நல்ல சீலையோட இருக்கிறீங்கள்."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் தாள்களை என் மடியிலிருந்து இழுத்துத் தரையில் பரப்பினாள். விரல் கீழ்நோக்கி ஓடியது. நாற்பத்துநாலு. முப்பத்தொன்பது. நாற்பத்தாறு. மூன்றாவது தாளை இரண்டு தரம் எண்ணினாள்.

"மூண்டு கிழமை அம்மா!" என்றாள். "மூண்டு கிழமை நான் செத்துப் பிழைச்சனான். ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!"

எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் ஏசியது நியாயம். கொஞ்ச நேரத்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் என் பக்கத்தில் குந்தினாள்.

"பொலிசுக்காரி உண்மையா அறுபதையும் பாத்தவவோ?"

"ஓம். வரிசையில நிண்ட சனம் ஏசிச்சுது."

"என்ர மாக்ஸ் கொள்ளுப்பிட்டி முழுக்கத் தெரிஞ்சு போச்சு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொட்டாஞ்சேனைக்குத் தனிய வெளிக்கிட்டனீங்களோ அம்மா? நீங்களோ?"

அன்று பின்னேரமே அவள் முதல் தாளைத் திரும்பவும் செய்யப்போவதாகச் சொன்னாள். விடை ஒன்றும் மனதில் நிற்கவில்லையாம். விரல் ஓடின வேகம் அப்படி. மணிக்கூட்டை என் முன்னால் வைத்தாள். விடைத்தாளை என் கையில் தந்தாள்.

"வேண்டாம் பிள்ளை. முன்வீட்டு அக்காவைத் திருத்தச் சொல்லுவம்."

"அவவோ? எனக்குப் பதின்மூண்டு எண்டால் அதை இரவைக்கே யாழ்ப்பாணத்துக்கு அறிவிச்சுப்போடுவா. நீங்களே திருத்துங்கோ."

நான் திருத்தினேன். கீழ்நோக்கி. நாற்பத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எடுத்தபோது, நான் போகுமுன் மகள் ஓடிப்போய் றிசீவரைத் தூக்கினாள். "படமெல்லாம் பிறகு சித்தப்பா. முதல் சோதினை முடியட்டும்," என்றாள். முன்வீட்டு அக்கா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "அப்பிடிச் சொல்லடி," என்றது தொலைபேசிக்குள்ளும் கேட்டிருக்கும்.

சோதனை நாட்களில் நான் மண்டப வாசலுக்கு எதிரே, மற்றத் தாய்மாரோடு மதில் நிழலில் நின்றேன். பௌதிகவியல் முடிந்து அவள் வந்ததும் இரண்டு பேரும் காலி வீதியில் ஒரு கடையில் ஐஸ்கிறீம் சாப்பிட்டோம்.

சோதனை முடிவு வர மாதக்கணக்கு ஆனது. பொறியியலுக்குப் புள்ளி போதவில்லை. விஞ்ஞான பீடம் கிடைத்தது. பௌதிகவியலுக்குத் திறமைச் சித்தி, சாதாரண சித்திக்கு ஒரு படி மேல். அந்தத் தாளை நான் திருத்தவில்லை. அதற்கென்று படித்தவர்கள் எங்கேயோ ஒரு மண்டபத்தில் இருந்து திருத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கும் என் நன்றி.